ரசீது டீச்சர்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அக்டோபர் மாதத்தில் ஆண்கள் யாரும் அதில் ஏறுவதில்லை. மூட்டுவலிக்காரர்கள்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலு மாடி இறங்குவார்கள். உள்ளே ரசீது டீச்சர் இருந்துவிட்டால்?

பேட்டைக்குப் பேட்டை இப்படி ஒருவர் உண்டு. கும்பாபிஷேக வசூல்காரர் வேறு இனம். அவருக்குப் பின்னால் சாமி நிற்கிறது. பிள்ளையார் சதுர்த்திப் பையன்கள் இன்னொரு இனம்; அவர்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பையன்கள் நிற்கிறார்கள். ரசீது டீச்சருக்குப் பின்னால் யாரும் இல்லை. தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் ஓர் அறக்கட்டளையின் ரசீதுப் புத்தகம், கசங்கிய கார்பன் தாள், ஒரு சிவப்பு மைப் பேனா. அரசுப் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் ஜுவாலஜி எடுத்து ஓய்வு பெற்றவர். ஆயுதம் ஒரே ஒரு சொல்தான்.

"தம்பி, மார்பகப் புற்றுநோய்க்கு வசூல் பண்றோம்."

கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில்தான் சொல்வார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எதிரே நிற்கிற ஆண்பிள்ளை செல்போனை எடுப்பார். அடிக்காத போனுக்கு "ஹலோ" என்பார். "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று கையைப் பாக்கெட்டுக்குள் விடுவார். டீச்சர் நிறுத்த மாட்டார். "கட்டி பெரும்பாலும் வலிக்காது தம்பி, அதான் வம்பே" என்று அடுத்த வரிக்குப் போவார். அங்கே நூறு ரூபாய் வெளியே வரும். காம்பு, கசிவு என்று பாடம் நகர்ந்தால் ஐந்நூறு. வெட்கத்துக்கு வரி போடும் இலாகா ஒன்று அரசாங்கத்தில் இருந்திருந்தால் டீச்சர்தான் அதன் செயலாளர்.

சிலர் சாமர்த்தியமாக, "அது லேடீஸ் சமாசாரம், வீட்ல கேளுங்க" என்று நழுவப் பார்ப்பதுண்டு. "ஆம்பிளைக்கும் வரும் தம்பி, வர்ற நூறு கேஸ்ல ஒண்ணு" என்பார் டீச்சர். கேட்டவர் தன்னையறியாமல் சட்டையை ஒருமுறை குனிந்து பார்ப்பார். அந்தக் குனிதலுக்குத் தனிக் கட்டணம்.

மூன்றாம் மாடி ஆடிட்டர் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, "80ஜி வரிச்சலுகை உண்டா?" என்று கேட்டார். "நீங்க வரி கட்டறது பழைய முறையா, புது முறையா?" என்றார் டீச்சர். "புதுசு." "அப்ப உங்களுக்கு 80ஜியே கிடையாதே சார்!" ஆடிட்டர் அன்று மாலையே இன்னொரு நூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். விஷயம் வெளியே போகாமல் இருக்க என்று நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு அக்டோபர் விழிப்புணர்வு மாதத்துக்கு வேறு யோசனை. எல்லோருக்கும் ரோஸ் கலரில் டி-ஷர்ட் அடித்து, கடற்கரையில் காலை ஓட்டம், முடிவில் பொங்கல் வடை. டீச்சர் கணக்குப் போட்டார். சட்டை ஒன்று இருநூற்றைம்பது, நூறு பேருக்கு இருபத்தையாயிரம். "காப்பீட்டு அட்டை ஆபரேஷனைப் பாத்துக்கும், மருந்தைப் பாத்துக்கும். செஞ்சிலேருந்து வர்ற பஸ் சார்ஜை யார் பாத்துக்கறது? கரண்ட் வைக்க, அதான் கதிர்வீச்சுக்கு, வாரத்துல அஞ்சு நாள் வரணும். மூணு வாரம், சிலபேருக்கு அஞ்சு வாரம். கூட வந்த தங்கச்சி எங்க படுப்பா, என்ன சாப்பிடுவா? கூலிவேலையை விட்டுட்டு வந்த புருஷனுக்கு யாரு கூலி? இதுல உங்களுக்கு பனியனா?" செயலாளர் பனியனைக் கைவிட்டார். பொங்கல் வடையை மட்டும் விடவில்லை. அதைத் தன் செலவில் போட்டார். நெய் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது.

தரைத்தள என்ஜினீயர்தான் கெட்டி. "நோயாளிக்குன்னா தர்றேன். ஆராய்ச்சிக்குத் தர மாட்டேன். அதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை" என்றார். டீச்சர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பல்லு பிடுங்கறதுக்கு முன்னாடி ஈறுல ஒரு ஊசி போடுவாங்களே, மரத்துப்போறதுக்கு? மும்பை டாடா மெமோரியல் டாக்டருங்க அந்த மருந்தையே கட்டியைச் சுத்திப் போட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு ஆபரேஷன் பண்ணிப் பாத்தாங்க. மொத்தம் 1,600 பொம்பளைங்க. பாதிப் பேருக்கு ஊசி உண்டு, பாதிப் பேருக்குக் கிடையாது. அஞ்சு வருஷம் கழிச்சு எண்ணிப் பாத்தா, ஊசி போடாதவங்கள்ல நூத்துக்கு 86 பேர் உயிரோட இருக்காங்க. போட்டவங்கள்ல 90. முடிவு 2023-ல வந்திருக்கு. மலிவான பழைய மருந்து சார் அது. எந்தக் கம்பெனி இதுக்குச் செலவு பண்ணுவான்?"

போன மாதம்தான் ரூட் கெனால் செய்துகொண்ட என்ஜினீயர் தாடையைத் தடவிக்கொண்டே ஆயிரம் ரூபாய் எடுத்தார்.

இந்த ஊரில் இந்த வசூலுக்கு ஒரு வம்சாவளியே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியாத அந்த அம்மாள் பிறகு சும்மா இருக்கவில்லை. மாதர் சங்கத்தைக் கூட்டிக்கொண்டு நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் நேரு வந்து அடையாறில் அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறந்தது. அந்த நாளில் அவரைக் கண்டு படியிறங்கி ஓடிய மயிலாப்பூர் வக்கீல்கள் எத்தனை பேரோ! லிஃப்ட் இல்லாத காலம், ஓடுவது இன்னும் சுலபம்.

என் முறை போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. பால் பாக்கெட்டோடு கேட்டருகே மாட்டிக்கொண்டேன். பேச்சு வளருமுன் ஐந்நூறை நீட்டினேன். டீச்சர் வாங்கிக்கொண்டு, ரசீதில் பெயரையும் தொகையையும் எழுதி, 'எதற்காக' என்று அச்சடித்த இடத்தைக் காலியாக விட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"அதை மட்டும் நீங்களே எழுதுங்க."

எல்லோரையும் இப்படித்தான் எழுத வைக்கிறாராம். செயலாளர் முதலில் 'பெண்கள் நலம்' என்று எழுதிப் பார்த்திருக்கிறார். டீச்சர் அதை அடித்துவிட்டு வேறு தாள் கொடுத்திருக்கிறார். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பத்துநாலு வயதில், பால் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினேன்: 'மார்பக புற்றுநோய்.'

டீச்சர் பேனாவை வாங்கி நடுவில் ஒரு 'ப்' போட்டார். "ஒற்று மிகும் தம்பி."

ரசீதை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். மனைவி எடுத்துப் படித்தாள். என் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தாள். "எழுதத் தெரியுது. எனக்கு நாற்பத்தொன்பது முடிஞ்சாச்சு, ஒரு தடவை கூட்டிட்டுப் போகத்தான் தெரியலையா?" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேமோகிராமுக்கு டோக்கன் வாங்கியிருக்கிறேன்.