இந்த வாரம் உன் முறை

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஸ்டுட்கார்ட்டில் போய் இறங்கினேன். ஜூன் மாதம், வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. காலையில் அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள். நம்மூரில் பந்த் அன்றைக்குக்கூட ஷட்டரை அரையடி தூக்கி அரிசி கொடுத்துவிடுவார்கள். அங்கே அந்த அரையடியும் இல்லை. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்குமாம். அது எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை. அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலைச் சோறில்லாமல் ஸ்பூனால் வழித்துத் தின்று அன்றைய பொழுதைக் கழித்தேன்.

மூன்று மாத இன்டர்ன்ஷிப். ஆய்வகத்தில் ஒரு சிக்கலும் இல்லை. கம்ப்யூட்டர் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் ஹேங் ஆகிறது. என்னைப் படுத்தி எடுத்தது குப்பை. ஒரு டப்பா தயிர் சாப்பிட்டால் மூன்று பஞ்சாயத்து: மேலே ஒட்டிய தாளைப் பிய்க்க வேண்டும், சுற்றியிருக்கும் அட்டையைக் காகிதத் தொட்டியில் போட வேண்டும், டப்பா மஞ்சள் பைக்குப் போக வேண்டும். சாப்பிட்ட நேரத்தைவிடப் பிரித்த நேரம் அதிகம்.

தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் நுழைத்தால் திரும்பக் கிடைக்கும். நம்மூர் பாட்டிலில் 'குடித்தபின் நசுக்கவும்' என்று போட்டிருப்பார்களே, அந்த ஒரு சட்டத்தைத்தான் நான் வாழ்நாளெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தேன். பத்துப் பாட்டிலையும் அப்பளமாக நசுக்கிக் கொண்டுபோனேன். பார்கோடு தெரியவில்லை என்று இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பியது. வரிசையில் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். இரண்டரை யூரோ! ரூபாயில் பெருக்கிப் பார்த்து அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கண்ணாடிக்கு வேறு கதை. வெள்ளை, பச்சை, பழுப்பு என்று தெருமுனையில் தனித்தனிப் பெட்டிகள். நிறம் பார்த்துச் சரியாகத்தான் ஊறுகாய் பாட்டிலைப் போட்டேன். போட்ட நாள் ஞாயிறு. 'கணீர்' என்ற சத்தம் அடங்குவதற்குள் நாலு ஜன்னல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாதாம்.

இதற்கெல்லாம் சிகரம் கேர்வோகெ. பெருக்குகிற வாரம். அந்தப் பக்கத்து வழக்கம் இது. கொலம்பஸ் கடல் தாண்டிய அதே 1492-லேயே, அவரவர் சாணக் குப்பையை வாரந்தோறும் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஸ்டுட்கார்ட்டில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தால் கைப்பிடியில் பலகை தொங்கியது. இந்த வாரம் மாடிப்படி என்னுடையது.

பெருக்கி, துடைத்து முடித்தேன். கீழ்வீட்டுப் பாட்டி வந்தார். கைப்பிடிக் கட்டைக்கு அடியில் விரலை ஓட்டினார். அங்கே தூசி இருக்கும் என்று தெரிந்த விரல். பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

"திட்டலையா? அப்ப அது பாராட்டு" என்றான் ஆய்வக நண்பன். அந்த ஊர்க்காரர்கள் திட்டாமலிருந்தாலே புகழ்ந்த மாதிரிதானாம்.

அன்றிரவு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இங்க ஒருநாள் தொடப்பத்தத் தொட்டிருப்பியாடா?" என்று அம்மா ஆரம்பித்தாள். போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். முழுக்கதையையும் கேட்டார்.

ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.