மருமவனுக்கு ஆடிட்டர் பாக்கணும்

லேய் மருமவனே, இங்கன வந்து உக்காரு. அந்த லேப்டாப்ப மூடு. டெக்சாஸ்ல இப்ப நடுச்சாமம், உன்னத் தேடி எவனும் வரமாட்டான்.

மாசம் ரெண்டு லட்சத்துக்கு அமெரிக்கக்காரனுக்கு வீட்டுல இருந்தே சோலி பாக்கப் போறியாம். தெரு பூரா சேதி பரவிட்டு. மளிகைக் கடைக்காரன் நம்ம வீட்டுக் கடன் நோட்ட இன்னும் கிழிக்கல, ஆனா உன்னப் பாத்தா எந்திரிச்சு நிக்கான். இதுவரைக்கும் கம்பெனிக்காரன் உன் சம்பளத்துல வரியப் பிடிச்சு, பிஎஃப் கட்டி, ஃபார்ம் 16ஐக் கையில குடுத்து உன்னச் செல்லமா வளத்துட்டான். இனிமே நீ காண்ட்ராக்டர். ரோடு போடாத காண்ட்ராக்டர். பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, அமெரிக்கக்காரன் உனக்காவ இங்க டிடிஎஸ் கட்டவும் மாட்டான். வார துட்டு பூராவும் உன் துட்டு மாதிரியே இருக்கும். அங்கதான் வினை.

ஆடிட்டர் பாத்தாச்சுன்னு சொல்லுத. ஆரு? உன் சேக்காளிக்கு மச்சான், 500 ரூவாய்க்கு ரிட்டன் போட்டுக் குடுக்கானே, அவனா? ஆதார் திருத்துததும் பட்டாவுக்கு மனுப் போடுததும் ரிட்டன் போடுததும் அவனுக்கு ஒரே கடைதான். உன்ட்ட எத்தன கேள்வி கேட்டான்? பான் நம்பர் என்ன, பாஸ்வேர்டு என்ன. அம்புட்டுதான? பொண்ணு பாக்க வந்தவன்கூட உங்க அக்காட்ட அதவிடக் கூடுதலாக் கேட்டான். நல்ல ஆடிட்டர்னா, நீ வாயத் தொறக்கதுக்கு முன்னால அவர் உன்னக் கேள்வியாக் கேட்டு வேர்க்க வச்சிரணும்.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. கமிஷன் மண்டி வச்சிருந்த காலத்துல ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து உக்காந்து வேட்டி தேஞ்சவன் நான். அந்தப் பெஞ்சுல காதத் தீட்டிக்கிட்டு உக்காந்தா அடுத்தவன் கணக்கு பூராவும் விழும். துட்டுக் குடுக்காமப் படிச்ச படிப்பு.

போனவொடன ஒண்ணுந் தெரியாத புள்ளையா மூஞ்சிய வச்சிக்க. அதுக்கு உனக்குப் பெருசா நடிக்க வேண்டியிருக்காது. “சார், வருசத்துக்கு 24 லட்சம் வரும், வரி எவ்வளவு?”ன்னு கேளு. “முப்பது சதவீதம் போயிரும்”னு பயமுறுத்துனா எந்திரிச்சிரு. “ஒண்ணுமே கிடையாது, சந்தோசமாப் போயிட்டு வா”ன்னு சொன்னாலும் எந்திரிச்சிரு.

வெவரம் தெரிஞ்சவரு இப்படித்தான் ஆரம்பிப்பாரு: உன் சோலி சரியா என்ன, அது சட்டம் சொல்லுத தொழில் பட்டியல்ல வருதா? வந்துட்டுன்னா சலுகை இருக்கு. இத்தன நாளா 44ஏடிஏன்னு சொன்னானுவ. 2025ல போட்ட புதுச் சட்டத்துல நம்பர மாத்திட்டானுவ, நமக்கு ஒண்ணு மனசுல தங்கிரப்பிடாதுல்லா. வரவு 75 லட்சத்துக்குள்ள இருந்து, ரொக்கமா வாரது நூத்துக்கு அஞ்சத் தாண்டலன்னா, வரவுல பாதிய லாபம்னு காட்டலாம். செலவுச் சீட்டு ஒண்ணொண்ணாச் சேக்க வேண்டாம். 24ல பாதி 12. புது முறையில 12 லட்சம் வருமானம் வரைக்கும் தள்ளுபடி போவ வரி சைபர். பேங்க் வட்டி இருக்கா, வேற வரவு இருக்கா, டாலர் ஏறுனா 12ஐத் தாண்டிருமா, தாண்டுனா மார்ச் 15க்குள்ள அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட ஞாபகம் இருக்குமா? இதையெல்லாம் அவருதான் உன்ட்ட கேக்கணும்.

வரி சைபர்னு கேட்டு நீ துள்ளுவேல்லா, அந்நேரம் பாத்து அவர் உன் சட்டையப் பிடிச்சு உக்கார வைக்கணும். “தம்பி, 20 லட்சத்தத் தாண்டுதே, ஜிஎஸ்டி பதிவு பண்ணியாச்சா?” வெளிநாட்டுச் சோலிக்கு ஜிஎஸ்டி கிடையாதேன்னு நீ சட்டம் பேசுவ. வரிதான்ல சைபர், பதிவு சைபர் இல்ல. ஏத்துமதிச் சோலியும் அந்த 20 லட்சக் கணக்குல சேரும். பதிவு பண்ணி, எல்யூடின்னு ஒரு உறுதிமொழிய வருசா வருசம் போடணும். மறந்தேன்னா, 18 சதவீதத்த மொதல்ல கட்டிட்டு, பொறவு ரீஃபண்டுக்கு மனுப் போட்டுக் காத்துக் கிடக்கணும். நம்ம சங்கரன்கோவில் பக்கத்துல பருத்தி ஏவாரிகள்ட்ட கேளு, ரீஃபண்டுக்குக் காத்துக் கெடக்க சுகத்தச் சொல்லுவானுவ.

அமெரிக்கக்காரன் டபிள்யூ-8பென்னுன்னு ஒரு படிவம் அனுப்புவான். நீ அமெரிக்கன் இல்லங்கதுக்கு அத்தாட்சி. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும், ஆனாலும் கையெழுத்து வேணுமாம். அது போட்டாத்தான் அவன் அங்க வரி பிடிக்காம அனுப்புவான். இத ஆடிட்டர்ட்ட கேட்டு, அவர் கூகுள்ல தேடுனா பரவால்ல. “அதெல்லாம் தேவையில்ல”ன்னா வாசல் எந்தப் பக்கம்னு பாத்துக்க.

துட்டு வாரப்ப பேங்க்காரன் பர்ப்பஸ் கோடு கேப்பான். சாஃப்ட்வேர் ஆலோசனைக்கு பி0802. போன வருசம் ஒரு பய எதையோ அமுக்கி பி1301ன்னு போட்டுட்டான். அது வெளிநாட்டுல இருக்க சொந்தக்காரன் குடும்பச் செலவுக்கு அனுப்புத துட்டு. டெக்சாஸ்ல நமக்கு எந்தப் பெரியப்பன் இருக்கான்? வந்த ஒவ்வொரு தடவைக்கும் பேங்க்ல சீட்டு வாங்கி அடுக்கி வை. ஏத்துமதின்னு நிரூபிக்க அதுதான் பிடிமானம்.

இன்னொண்ணு, இதக் காதுல வாங்கு. வருமானவரி போர்ட்டல்ல உன் செல் நம்பரும் உன் இமெயிலும்தான் இருக்கணும். “ஆபீஸ் நம்பரே போட்டுக்கிடுதோம், உனக்கெதுக்குத் தொந்தரவு”ம்பான். பொறவு நோட்டீஸ் வரும், அந்த ஆபீஸ்ல டைப் அடிக்க பொண்ணோட போனுக்கு. அதுக்குக் கலியாணமாயி அது ஊருக்குப் போயிருக்கும். பதில் சொல்லுத தேதியும் போயிரும்.

பேரு போர்டுல டாக்ஸ் கன்சல்டண்ட்னு இருந்தா சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்னு நீயா நெனச்சுக்கிடாத. மெம்பர் நம்பரக் கேளு, அவுங்க இன்ஸ்டிட்யூட் இணையதளத்துல தட்டிப் பாரு. கேட்டதுக்கு முறைச்சாருன்னா உனக்கு ஒரு அலைச்சல் மிச்சம். “மிச்சம் பிடிச்சுத் தாரதுல பத்துல ஒண்ணு எனக்கு”ன்னு எவனாவது சிரிச்சான்னா, அப்படிப் பங்கு பேசுததுக்கு அவுங்க சட்டத்துலயே தடை இருக்கு, 1949ல போட்ட சட்டம். துணிஞ்சு அதச் செய்யுதவன் உன் கணக்குல எதச் செய்யமாட்டான்?

போறதுன்னா காண்ட்ராக்டுல கையெழுத்துப் போடுததுக்கு முன்னாலயே போ. ஜூலை மாசக் கடைசியில போனேன்னா அந்தப் பெஞ்சுல இடம் கிடைக்காது. பீஸ் பேசக் கூச்சமா இருந்தா உங்க அத்தையக் கூட்டிட்டுப் போ. ஜிஎஸ்டின்னா அவளுக்கு என்னன்னு தெரியாது, ஆனா பாத்திரக்காரன் அவளப் பாத்தா நம்ம தெருவுக்கே வாரதில்ல.