தட்டல் இயல்: பழைய ஆசிலோஸ்கோப்பை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், பழைய ஆசிலோஸ்கோப்பின் திரையில் கோடு காணாமற்போனவிடத்து அதனை எங்ஙனம் தட்டுவது என்பது உணர்த்துதல் நுதலிற்று. தட்டுதல் கல்லாதார் செயல் என்றொரு கருத்து படித்தவர்களிடையே நிலவுகிறது. பிழை. தட்டத் தெரியாமல் தட்டுவதே கல்லாதார் செயல்.

ஆய்வுப் பொருளாக, 1972-இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 465 கொள்ளப்படுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் வரை காட்டும் இக்கருவி இன்றும் பலர் மேசையில் உயிரோடிருக்கிறது, எந்நேரமும் அல்ல. இதன் டிரான்சிஸ்டர்களில் பல, பலகையில் நேராகச் சால்டர் செய்யப்படாமல் சாக்கெட்டில் செருகப்பட்டவை. கழற்றி மாற்ற எளிது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாக்கெட்டின் தொடுமுனைகள் மங்க, அந்த எளிமையே நோய்க்கு முதலாகிறது. கழற்றி மறுபடி செருகினால் கருவி பிழைத்துக்கொள்வதும் உண்டு. காலணா செலவின்றி வரும் இவ்வெற்றிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

தட்டுவோர் மூவகையினர்: உள்ளங்கையால் பெட்டியின் தலையில் அறைவோர், விரல்முட்டியால் பக்கவாட்டில் விசாரிப்போர், மூடியைக் கழற்றி, பிளாஸ்டிக் குச்சி முனையால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு வருவோர். முதல் வகையினர்க்குக் கருவி சரியாகும். ஏன் என்பது தெரியாது. இரண்டாம் வகையினரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாமவர்க்கு இடம் தெரிந்துவிடும்: எதைத் தொட்டதும் கோடு துள்ளுகிறதோ, அதன் அருகே லூஸ் காண்டாக்ட் அல்லது டிரை சால்டர். குச்சிக்குப் பதில் விரல் ஆகாதோ எனின், திரைக்குழாயில் நிற்பது சுமார் 18,000 வோல்ட். ஸ்விட்சை அணைத்த பின்னும் அது உடனே போய்விடாது. விரலை ஆதரித்தோர் தரப்பிலிருந்து மறுப்புரை ஏதும் வரவில்லை.

தட்டலுக்கு அடங்காதனவும் உள. டாண்டலம் கண்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டால் தட்டியும் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை. தான் அமர்ந்திருக்கும் சப்ளை லைனையே அது கீழே இழுக்க, ஒரு குற்றவாளிக்குப் பதில் பலகை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆதலின் விவரமறிந்தோர் கோட்டைத் தேடுமுன் மல்டிமீட்டரால் சப்ளை வோல்ட்டேஜ்களை அளக்கிறார்கள். அவை சரியென்றால் ரிப்பிள் பார்க்க வேண்டும். ரிப்பிள் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். பழுதாகிக் கிடப்பதோ அது. ஒரே வீட்டில் ஆசிலோஸ்கோப்புகள் பெருகுவதற்கு இந்த முரணே காரணம் என்னும் விளக்கத்தை வீட்டார் இன்னும் ஏற்கவில்லை.

இதே கம்பெனியின் முந்தைய 500 வரிசைக் கருவிகளை இங்கே கொஞ்சம் புகழ்ந்தாக வேண்டும். அவற்றில் பாகங்கள் பீங்கான் பட்டைகளின் வெள்ளி பூசிய பள்ளங்களில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். சாதாரண சால்டர் அந்த வெள்ளியைக் கரைத்துத் தின்றுவிடும் என்பதால், வெள்ளி கலந்த சால்டர் கம்பிச் சுருள் ஒன்றைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். என்றோ, எங்கோ, முகம் தெரியாத ஒருவன் இதைத் திறப்பான் என்று எதிர்பார்த்துச் செய்த சீர்வரிசை. இன்றைய கருவிகளைத் திறந்தால் கிடைப்பது வாரண்டி ரத்து.

இனி அரிய பகுதி: மூடியைக் கழற்றியதும் மறையும் பழுது. இதைக் கருவியின் நாணம் என்பாரும் உளர். காரணம் வெப்பம். மூடியிருக்கையில் உள்ளே சூடேறி, விரிசல் விட்ட சால்டர் விலகுகிறது. திறந்ததும் காற்றுப்பட்டுக் குளிர்ந்து ஒட்டிக்கொள்கிறது. எனவே தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி, குளிர் ஸ்பிரேயைச் சந்தேகப் பாகங்கள்மேல் ஒவ்வொன்றாக அடித்தால், உண்மைக் குற்றவாளி குளிர்ந்ததும் கோடு திரும்பும்.

சூடேற்றியும் தோன்றாது, மூடியின் கடைசித் திருகை இறுக்கும்போது மட்டும் தோன்றும் பழுதும் ஒன்றுண்டு. சட்டம் இம்மியளவு முறுக்கிக்கொள்வதால் எங்கோ ஒரு தொடுமுனை விலகுகிறது. மீண்டும் திறந்து குச்சியெடுக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. அந்தத் திருகைப் போடாமலே விட்டுவிடலாம் என்பது மறுசாரார் கொள்கை, பெரும்பான்மையோர் இச்சாரார்.