வல்லவர்களுக்கு ஒரு வாழ்த்து மடல்

டிஜிட்டல் ஓவியம் பழகும் பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்கு அழைக்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம். உங்களை ஏசுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் உங்கள் திறமைகளைப் பாராட்ட எழுதுகிறேன். அவை மெய்யான திறமைகள். இவ்வளவும் கைவந்தவர்களை ஓவியத் துறையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில், மனிதர்களைப் படிக்கும் திறமை. விஸ்காம் கடைசி ஆண்டுத் தேர்வு முடிந்து, "வேலைக்கு ஏதாவது பார்த்தியாம்மா?" என்று வீட்டில் கேட்கத் தொடங்கும் வாரத்தில் உங்கள் விளம்பரம் வந்து நிற்கிறது. அருப்புக்கோட்டையிலோ ஆரணியிலோ, பழைய பென் டேப்லெட்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வரைகிற பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது அவளுடைய பேராசிரியருக்குத் தெரிவதில்லை. உங்களுக்குத் தெரிகிறது. சம்பளத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு சொல் வேண்டும். "அன்புள்ள ஆர்ட்டிஸ்ட்" என்று கடிதத்தைத் தொடங்குகிறீர்கள். பெற்றவர்கள் ஒருநாளும் சொல்லாததை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று மாதம் ஊதியமின்றி உழைப்பாள் என்ற கணக்கும் உங்களுக்குச் சரியாகவே வருகிறது.

அடுத்தது உங்கள் உரைநடை. "வேலையின் தரத்தைப் பொறுத்து ஸ்டைபண்ட்" என்று எழுதுவீர்கள். தரத்தை அளக்கிறவரும் நீங்களே. "முழுநேர வேலைக்கு வாய்ப்பு உண்டு" என்பீர்கள். அதில் வாக்குறுதி என்று எவரும் பிடித்துக்கொள்ள ஒரு எழுத்துகூட இருக்காது. நகைக்கடைக்குப் பண்டிகைப் போஸ்டர் போடும் வேலைக்குக் 'கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட் இன்டர்ன்' என்று பெயர் சூட்டுவீர்கள். கடிதத்தின் அடியில் எம்.எஸ்.எம்.இ. பதிவு எண்ணும் இருக்கும். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவு அது. நிறுவனத்தார் தாமே இணையத்தில் தகவல் கொடுத்துக் கட்டணமில்லாமல் பெறுவது. இது ஒரு சிறுதொழில் என்பதற்கு மேல் எதையும் சொல்லாதது. பயிற்சியின் தரத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அப்பா அதைப் பார்த்து, "கவர்மெண்டில் பதிவு செய்த கம்பெனிதான்" என்று நிம்மதியாகிறார். அந்த எண்ணை எந்த இடத்தில் அச்சிட்டால் அவர் கண்ணில் படும் என்பதை அறிந்திருக்கிறீர்கள்.

திருப்பித் தரப்படும் என்று சொல்லி வாங்கும் முன்பணத்தையும், சான்றிதழுக்கான கட்டணத்தையும் நான் பெரிதாகப் பேசப்போவதில்லை. அதை எந்தத் துறை மோசடிக்காரரும் செய்வார். உங்களுக்கே உரிய நுணுக்கம் ஆர்ட் டெஸ்டில் இருக்கிறது.

விண்ணப்பித்தவர்களில் ஒருவரிடம் அட்டைப்படம் கேட்கிறீர்கள். இன்னொருவரிடம் தேர்முட்டித் தெருவைப் பின்னணியாக வரையச் சொல்கிறீர்கள். மற்றொருவரிடம் பாட்டி பாத்திரத்தை நான்கு கோணங்களில். ஒருவரை ஒருவர் அறியாத பிள்ளைகளிடமிருந்து ஒரு முழுப் புத்தகம் சேர்ந்துவிடுகிறது. கூடவே, லேயர்களைப் பிரித்து வைத்த பி.எஸ்.டி. ஃபைலையே அனுப்பச் சொல்கிறீர்கள். ஒருவருக்கு வரைய வருகிறதா என்று பார்க்க ஒரு ஜேபெக் போதும். லேயர் ஃபைல் தேவைப்படுவது, நிறத்தை மாற்றி, எழுத்தைச் சேர்த்து, அச்சுக்கு அனுப்பப்போகிறவருக்குத்தான். தொழிலில் ஒரு மாதம் இருந்தவருக்கு இது புரியும். ஒரு மாதம்கூட இராதவர்களை மட்டுமே நீங்கள் அழைப்பதால் யாரும் கேட்பதில்லை. பிறகு, "உங்கள் பாணி இப்போதைய புராஜெக்டுக்குப் பொருந்தவில்லை" என்று பணிவாக ஒரு பதில். அதைப் படித்துவிட்டுத் தன் கையைத் தானே சந்தேகித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சிலர் வரைவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் நல்ல கைகள் இருந்தன.

துறையின் வரலாற்றையும் நீங்கள் வீணாக்குவதில்லை. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்த ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அது உழைத்த 'லைஃப் ஆஃப் பை' சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரைப் பெற்றது. மேடையில் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியவரின் பேச்சு இசையால் அமுக்கப்பட்டது. அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் கஷ்டம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். "இந்த ஃபீல்டில் ஆரம்பம் அப்படித்தான்" என்று நீங்கள் சொல்வது எடுபடுவது, அதில் பாதி உண்மை இருப்பதால்தான். அங்கே உழைத்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது ஊதியம். அதே சோகத்தைச் சொல்லி நீங்கள் ஊதியமே பேசாமல் ஆள் எடுக்கிறீர்கள்.

உங்கள் சட்ட அறிவு எனக்குப் பெருவியப்பு. கடிதத்தின் ஒரு பத்தியில், "இது பயிற்சி மட்டுமே, வேலைவாய்ப்பு அல்ல" என்று இருக்கிறது. அதனால் சம்பளம் இல்லை. அடுத்த பத்தியில், "பயிற்சிக் காலத்தில் வரைவதெல்லாம் நிறுவனத்தின் சொத்து" என்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரையே பொதுவாக முதல் உரிமையாளராக வைக்கிறது. வேலையாளாகவோ தொழில் பழகுநராகவோ இருந்து செய்ததென்றால் உரிமை முதலாளிக்கு. பழகுநராகப் பதிவு செய்தாலோ, மாதாமாதம் உதவித்தொகை தரவேண்டும்; 2019இல் திருத்திய விதி பட்டதாரிக்கு அதை 9,000 ரூபாய்க்குக் குறையாமல் வைத்தது. முதலாளிக்கான உரிமை முழுவதையும் வைத்துக்கொண்டு, முதலாளிக்கான கடமை ஒன்றுகூட ஒட்டாத இடத்தில் நிற்கிறீர்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மூளை வேண்டும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தம் அதைவிடக் கூர்மையானது. செய்த வேலையை போர்ட்ஃபோலியோவில் காட்டக்கூடாது என்கிறீர்கள். அனுபவம் கிடைக்கும் என்று நம்பி வந்தவள் மூன்று மாதம் உழைத்த பிறகும், காட்ட ஒரு படமின்றி வெளியே வருகிறாள். அடுத்த நேர்காணலில் அவள் மறுபடியும் அனுபவமில்லாதவள். மறுபடியும் உங்களைப் போன்றவர்களின் விளம்பரத்துக்கே ஏற்றவள். படத்தை எடுத்துக்கொண்டதைவிட எனக்கு வலிப்பது இதுதான். ஓவியருக்குச் சொத்து என்று இருப்பது, "இது நான் வரைந்தது" என்று நீட்டிக் காட்ட முடிகிற நான்கு பக்கங்கள்.

உங்கள் ஒழுங்கையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் வரைந்தவர் பெயர், தேதி, எத்தனையாவது திருத்தம் என்று முறையாகப் பெயரிட வைக்கிறீர்கள். பெரிய ஸ்டுடியோக்களின் வழக்கம் அது. பிள்ளைகள் உங்களிடம் உருப்படியாகக் கற்றதும் அதுவே. ஆகவே எந்த அட்டையை யார் வரைந்தார், எந்தத் தெருவுக்கு யார் வண்ணம் கொடுத்தார் என்பது உங்கள் கணினியில் பிசகில்லாமல் இருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்த பிறகும், 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு படைத்தவருக்கே வைத்திருக்கிறது. அந்த ஃபோல்டர்களைத் திறந்து, வெளியான ஒவ்வொரு படத்துக்கும் நேராக வரைந்தவர் பெயரைப் போடுங்கள். கூலியைக் கணக்கிட்டு அனுப்புங்கள். எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் உங்களிடம் இருக்கிறது.