பானட் வைத்தியர்

அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் யாராவது பானட்டைத் தூக்கினால் போதும், மூன்றாவது மாடியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் இறங்கி வந்துவிடுவார். லிஃப்டுக்குக் காத்திருக்க மாட்டார். மூட்டுவலியென்று மற்ற நாட்களில் பால் பாக்கெட் வாங்கக்கூடக் கீழே வராதவர்.

"என்ன தம்பி, பிக்கப் இல்லையா?"

வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கில் நிற்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் ஒரு நொடி யோசித்து, ஒரு குலுக்கு குலுக்கி, அப்புறம்தான் இழுக்கிறது. இதை நாம் சொல்லி முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். நாடி பிடிக்கும் வைத்தியருக்கு நோயாளி வாய் திறந்தால் பிடிக்காது.

"ரேஸ் குடுங்க."

கொடுப்போம். கண்ணை மூடிக்கொள்வார். "விடுங்க. மறுபடி குடுங்க. இன்னும்." லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோல் அவருடைய தியானத்துக்காக எரிந்துகொண்டிருக்கும். ஒருவழியாகக் கண் திறந்து தீர்ப்பு வரும்.

"கார்புரேட்டர்ல குப்பை."

உங்கள் வண்டி 2016 மாடல் என்று சொல்லிப் பாருங்கள். புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, 2000-ஆம் ஆண்டை ஒட்டி, மாருதி 800-கூடக் கார்புரேட்டரைக் கைவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது என்றும் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் பேருக்குத் தம்பி. உள்ள எங்கயாவது இருக்கும்" என்பார்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அவர் படித்த கல்லூரி 1986 மாடல் பிரீமியர் பத்மினி. ஸ்டியரிங் தண்டிலேயே கியர், இழுத்துவிடுகிற சோக், 1089 சிசி இன்ஜின். "பத்மினி இருந்தவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று அவர் பெருமூச்சு விடுவதைக் கேட்டு, புதிதாகக் குடிவந்தவர்கள் துக்கம் விசாரித்ததும் உண்டு. அவருடைய மனைவி அப்போது பக்கத்திலேயே நின்று கீரைக்கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த வண்டிக்கு அவர் வைத்தியம் சரியான வைத்தியம்தான். ஆக்சிலேட்டரைச் சடாரென்று மிதித்தால் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும்; பெட்ரோல் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கார்புரேட்டருக்குள் ஒரு குட்டிப் பம்ப். அதன் டயாஃப்ரம் கிழிந்தாலோ ஜெட்டில் தூசி அடைத்தாலோ வண்டி திக்கும். ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி மாட்டினால் ஓடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படி ஊதி ஊதியே ஏறியதாகச் சொல்வார். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில், அணையின் அழகை ரசிக்கச் சற்று நேரம் நிறுத்தினாராம். ரசித்தது அவர், பின் சக்கரத்துக்கு முட்டுக்கல் தேடி அலைந்தது தான் என்பது மனைவியின் வாக்குமூலம்.

இன்றைய வண்டியில் ஊத ஒன்றுமில்லை. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று சென்சார் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுகிறது. வைத்தியருக்கு இது மானப் பிரச்சினை.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். வாட்ச்மேன், "பங்க்குல தண்ணி கலந்துட்டான் சார்" என்பார். எந்த பங்க் என்று கேட்டால் பொதுவாக வானத்தைக் காட்டுவார். ஐ.டி. கம்பெனிப் பையன் கட்டைவிரல் அளவு ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனைப் பார்த்து 'பி0300' என்று அறிவிப்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், மிஸ்ஸிங் இருக்கிறது, எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை என்று விளக்குவான். இதைத்தானே நாமும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்! வைத்தியர் அந்தக் கருவியை ஏறிட்டும் பார்க்க மாட்டார்.

கடைசியில் மெக்கானிக் வருவார். அதிகம் பேசாதவர். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டுவார். உதிரும் தூசியில் ஒரு துளசிச் செடியே நடலாம். பிளக்குகளைக் கழற்றுவார், முனை தேய்ந்திருக்கும். அப்புறம் திராட்டில் பாடியைத் திறந்து, பட்டர்ஃபிளைத் தகட்டை விரலால் தள்ளிக் காட்டுவார். விளிம்பைச் சுற்றி அடுப்புக்கரி நிறத்தில் பிசுக்கு. அந்தச் சந்து வழியாகத்தான் வண்டி இத்தனை நாளும் மூச்சு விட்டிருக்கிறது. பையிலிருந்து ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கறுத்த துணியை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். பேசுகிற மெக்கானிக்குகள் அனுப்பும் பில்லைவிட இந்தத் துணியை நம்பலாம் என்பது என் கட்சி.

புது பிளக், புது ஃபில்டர். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி சொன்ன பேச்சு கேட்கும். வைத்தியர் தோற்றுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அவர் கீழே குனிந்து அந்த ஸ்ப்ரே டப்பாவை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கூட்டத்துக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டி வாசிப்பார்:

"கார்ப்... கிளீனர். நான் என்ன சொன்னேன்?"

மெக்கானிக் வாயைத் திறப்பார். பிறகு மூடிக்கொள்வார், அவருக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது.

உங்கள் குடியிருப்பு வைத்தியர் கேட்டால் தாராளமாக ரேஸ் கொடுங்கள், அவருக்கும் பொழுது போக வேண்டாமா? ஆனால் மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் எவர் சொன்னாலும் கொடுக்காதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். அதன் விலையை மெக்கானிக் சொல்லும்போது உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.