பொடி எப்படி வந்துச்சு, கண்ணு?

பொள்ளாச்சிக்காரனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் தேங்காய் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டிப் பார்த்தே இது சட்னிக்கு, இது கொப்பரைக்கு என்று பிரித்துப் போடுகிற வீட்டில் பிறந்தவன். களத்தில் காய்ந்த கொப்பரையைக் காக்காய் தூக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் உத்தியோகம். சம்பளம், சாயங்காலம் ஒரு துண்டு கொப்பரை.

அதனால்தான், அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்து ஹில்ஸ்போரோவில், வீட்டுக் கார் ஷெட்டில் தேங்காய் மணக்கிற பேல் ஏல் பீர் காய்ச்சப் போகிறேன் என்று அறிவித்தபோது, ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். அவர் பத்து வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர். “கடையில் இனிப்புச் சேர்க்காத தேங்காய்ச் சீவல் கிடைக்கும். ஓவனில் லேசாக வறுத்து, கடைசி மூன்று நாள் மட்டும் போடு. அவ்வளவுதான்” என்றார். மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்கு ஒன்றரை வருடமும் நாலு அண்டா பீரும் செலவாயிற்று.

வீட்டிலேயே காய்ச்சினால் போலீஸ் வராதா என்று கேட்பீர்கள். நம் ஊரில் வரும். இங்கே 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன் பீர் வரி இல்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். ஏறக்குறைய 757 லிட்டர். விற்கத்தான் கூடாது. விற்பதா? நான் காய்ச்சியதற்குச் சும்மா கொடுத்தே ஆள் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் இது பரம்பரையில் இல்லாத தொழில் என்று சொல்ல முடியாது. கள்ளுக்குத் தடை வந்த 1987-க்கு முன்னால், அப்புச்சி தோப்பில் பாளை சீவிக் கலயம் கட்டுவார்களாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றில் இருக்கிற ஈஸ்ட்டே வந்து மிச்ச வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். மொத்தத் தொழில்நுட்பமும் அவ்வளவுதான்: சுண்ணாம்பை மறக்க வேண்டும். அவர் பேரன் வெப்பமானி, அடர்த்திமானி, எஃகு அண்டா, செம்புக் குளிர்சுருள், அமிலக் கிருமிநாசினி எல்லாம் வாங்கிவைத்துக்கொண்டு மூன்று தடவை தோற்றான்.

பேல் ஏல் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். நாலரைக் கிலோவை உடைத்து 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், மாவுச்சத்து தானே சர்க்கரையாகிவிடும். வடித்த தண்ணீரை இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். ஹாப்ஸ் அப்போதுதான் உள்ளே வரும். கொடியில் பூக்கிற பச்சைப் பூ. அரைத்து அழுத்தி விற்பது பார்க்க மாட்டுத் தீவன வில்லை மாதிரியே இருக்கும். கொதி வந்ததும் போட்டால் கசப்பு தங்கும், வாசம் ஆவியோடு போய்விடும். வாசம் வேண்டுமென்றால் அடுப்பை அணைக்கும்போது ஒரு கை, நொதித்து முடிந்தபின் ஒரு கை. ரசத்துக்குக் கொத்தமல்லி தூவுகிற அதே கணக்கு.

நான் போட்டது கேஸ்கேட். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற கொர்வாலிஸில் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட ரகம். 1980-இல் கலிபோர்னியாவின் சீக்கோ ஊரில் சியரா நெவாடாக்காரர்கள் இதைப் போட்டுக் காய்ச்சிய பீரைத்தான் இன்றைக்கும் அமெரிக்கப் பேல் ஏலுக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம். அதன் மேல் வறுத்த தேங்காய் வாசம் ஏறினால்? நினைக்கும்போதெல்லாம் நாக்கில் நீர் ஊறியது. நினைப்பு மட்டும்தான் கடைசி வரை ருசியாக இருந்தது.

முதல் தடவை பச்சைத் தேங்காய். சீவல் பாக்கெட் எல்லாம் தேங்காய் தெரியாதவனுக்கு. இந்தியக் கடையில் இரண்டு காய் தட்டி வாங்கி, வாசல் படியில் உடைத்து, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த துருவியில் பூப்பூவாகத் துருவினேன். பீரில் ஒரு விதி உண்டு: கொதித்து ஆறியபின் அதைத் தொடுகிற எதுவும் கிருமிநாசினியில் முங்கி எழுந்திருக்க வேண்டும். முங்கவைத்தேன். குழாய், மூடி, கரண்டி, துணிப்பை, துருவி. என் கையைக்கூட. ஆனால் தேங்காய் துருவும்போது நடுநடுவே ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்ளாத தமிழன் உண்டா? போட்டுக்கொண்டேன். அதே விரல்களால் அடுத்த பிடியை அள்ளிப் பையில் திணித்தேன்.

ஆறாம் நாள் மூடியைத் திறந்தால் பாலாடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம், சுருக்கம் சுருக்கமாக. குனிந்து மோந்தேன். அந்த வாசம் எனக்குப் பரிச்சயமானது. கல்யாண வீட்டுப் பந்தியில், மத்தியானம் மூன்று மணிக்கு, வாளியின் அடியில் மிஞ்சிய தேங்காய்ச் சட்னி. 19 லிட்டர் ஊசின சட்னியைப் புல்தரைக்கு ஊற்றினேன். பக்கத்து வீட்டு நாய் இரண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. என் பீரை விரும்பிய முதல் ஜீவன்.

பக்கத்து இருக்கைக்காரர் “சீவல்?” என்று மட்டும் கேட்டார். “இல்லை, வேறு ஒரு சின்னக் கோளாறு” என்றேன்.

இரண்டாவது தடவை தேங்காய்ப்பால். கெட்டியான முதல் பால், கொதிக்கும்போதே சேர்த்தேன். கிருமிக்கு வாய்ப்பில்லை பாருங்கள். பாட்டிலில் அடைத்து, மூன்று வாரம் பொறுத்து, குளிரவைத்து, நாலு நண்பர்களை அழைத்தேன். கண்ணாடி டம்ளரில் சாய்த்து ஊற்றினால் நுரை ஒரு விரல் உயரத்துக்கு எழுந்து, உட்கார ஆளில்லாத நாற்காலி மாதிரி மடங்கி விழுந்தது. பீரின் நுரையைத் தாங்குவது மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும். கொழுப்பு பட்டால் அது நிற்காது. உதட்டுச் சாயம் பட்ட டம்ளரில்கூட நுரை ஒதுங்கும். நான் ஒரு லிட்டர் தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தேன்.

அது போகட்டும். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த நண்பன், “உள்ளே மெழுகு ஊத்தினியாடா?” என்றான். கழுத்துக்குள் வட்டமாக, வெள்ளையாக, ஒரு வில்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி காலையில் குளியலறை ஜன்னலில் இருக்கிற எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கித் தலைக்குத் தடவிக்கொண்டே வளர்ந்தவனுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? வேண்டியிருந்தது. நான்கு பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். முடிக்கு நல்லது என்று ஒருத்தன் தலையில் தடவிக் காட்டினான். இன்னும் நாற்பத்துச் சொச்சம் பாட்டில் பாக்கி இருந்தது.

மூன்றாவது தடவைதான் இறங்கி வந்தேன். முழுசாக அல்ல. சீவல் வாங்கினேன், 450 கிராம். ஆனால் வறுப்பது எப்படி என்று அமெரிக்கக்காரரிடம் கேட்க மனசு வரவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, தேங்காயை வறுத்தா எண்ணெய் விடாம இருக்க என்ன பண்றது?”

“எதுக்குக் கண்ணு?”

பீருக்கு என்று சொல்லக்கூடிய வீடு இல்லை எங்களுடையது. “பொடிக்கும்மா.”

அம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நாற்பத்திரண்டு வயதில் மகன் சமையல்கட்டுக்குள் போயிருக்கிறான். “எளந்தீயா வெச்சு, கை எடுக்காம கெளறோணும். செவந்தா மாதிரி வந்ததும் காயிதத்துல கொட்டி ஆற வெச்சுரு. எண்ணெய் பூராத்தையும் காயிதம் குடிச்சுக்கும். எறக்கறப்ப துளி பெருங்காயம் போட்டீன்னா மணமா இருக்கும்.”

பெருங்காயம் வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மற்றது எல்லாம் அப்படியே, இங்கே பீர் காய்ச்சுகிறவர்கள் சொல்வதுதான்: லேசாக வறு, காகிதத்தில் பரப்பு, எண்ணெயை ஒற்றி எடு. அம்மா வாழ்நாளில் ஒரு சொட்டு பீரைப் பார்த்ததில்லை.

ஓவனில் வறுத்திருக்கலாம். அம்மா கை எடுக்காமல் கிளறச் சொன்னதால், கிளற வசதியாக அடுப்பின் மேலேயே இருந்த இரும்பு வாணலியை எடுத்தேன். பொன்னிறமாக, கருகாமல், பார்க்கவே அத்தனை அழகாக வந்தது. காகிதம் எண்ணெயைக் குடித்தது. ஆறியதும் பையில் கட்டி மூன்று நாள் பீரில் தொங்கவிட்டேன். நுரை நின்றது, படலம் இல்லை, வில்லை இல்லை. மூக்கில் சளி பிடித்திருந்ததால் வாசம் சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் அந்த தைரியத்தில் இரண்டு பாட்டிலை ஒரு போட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

சளி போனபின் ஒரு பாட்டிலைத் திறந்து மனைவியிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஏனுங்க, எந்த வாணலியில வறுத்தீங்க?”

“அடுப்பு மேல இருந்ததுதான்.”

“அது நான் தாளிக்கிற வாணலிங்க.”

எட்டு வருடம். எட்டு வருடமாகத் தினமும் கடுகும் பெருங்காயமும் பொரிந்த இரும்பு. சோப்புப் போட்டால் பதம் போய்விடும் என்று அவள் துணியால் துடைத்து மட்டும் வைப்பாள். என் பேல் ஏலில் பம்பளிமாஸ் வாசம் வந்தது, தேங்காய் வாசம் வந்தது, அதற்குப் பின்னால் நிதானமாக, கோயில் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிற பெரியவர் மாதிரி, பெருங்காயம் வந்தது.

போட்டிக்காரர்களிடமிருந்து மதிப்பெண் தாள் வந்தது. 50-க்கு 19. நடுவர் எழுதியிருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை: வெங்காயம், பூண்டு வாடை தூக்கலாக இருக்கிறது, ஹாப்ஸை மாற்றிப் பாருங்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. சமிட் என்று ஒரு ஹாப்ஸ் ரகம் இருக்கிறது; அதற்குச் சில நேரம் வெங்காய, பூண்டு வாடை வருவதுண்டு. நான் அதைத்தான் போட்டிருப்பேன் என்று நினைத்துவிட்டார். வாணலியை மாற்றிப் பாருங்கள் என்று எழுத அவருக்கு எப்படித் தோன்றும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டாள்: “பொடி எப்படி வந்துச்சு, கண்ணு?”

“நல்லா வந்துச்சும்மா. கொஞ்சம் பெருங்காயம் தூக்கல்.”

“நாந்தான் துளி போதும்னேனே.”

இனி நாலாவது. இதுதான் இந்தப் பத்தியை எழுதவைத்த பாவம். அடுத்த போட்டிக்கு முன்கூட்டியே படிவம் அனுப்பிவிட்டேன்: பேல் ஏல், சேர்மானம் வறுத்த தேங்காய். பீர் சாமான் கடைக்காரர் ஒரு புது ஹாப்ஸ் பாக்கெட்டைக் காட்டி, இதையும் கூடப் போடு, உன் தேங்காய்க்குத் துணையாக இருக்கும் என்றார். சாப்ரோ. 2018-இல் வெளிவந்த ரகம், நியூ மெக்சிகோ காட்டு ஹாப்ஸின் வம்சம். ஆரஞ்சு வாசம், புதினா வாசம், அதோடு, கேளுங்கள், தேங்காய் வாசம். கொடியில் பூக்கிற பச்சைப் பூவுக்கு! போனால் போகிறதென்று வாங்கி, கடைசியில் தாராளமாகவே போட்டேன்.

தேங்காய் சேர்க்க வேண்டிய நாள் வந்தது. புத்தி வந்தவனாக, சீவலை ஓவனில் பரப்பி வைத்தேன். போன் அடித்தது. அம்மா. தெருவில் இரண்டு பேர் என் பொடியின் பக்குவம் கேட்கிறார்களாம். இல்லாத பொடிக்கு இருபது நிமிடம் பக்குவம் சொன்னேன். மிளகாய் எத்தனை, பருப்பு எத்தனை, உப்பு எத்தனை. புகை எச்சரிக்கை மணி அலறியபோது தட்டில் இருந்தது கரி. கடைக்குப் போக நேரமில்லை; மூன்றே நாளில் பாட்டிலில் அடைத்தாக வேண்டும். தேங்காய் இல்லாமலே அடைத்தேன். படிவத்தைத் திருத்தலாம்தான். திருத்தவில்லை.

34 மதிப்பெண். அவர்கள் அட்டவணையில் அது ‘மிக நன்று’. தாளில் எழுதியிருந்தது: வறுத்த தேங்காயின் வாசம் இயல்பாக இருக்கிறது, தேங்காயை நன்கு அறிந்தவர் கை தெரிகிறது.

இருபது தென்னை மரம் எங்கள் பேரில் இருக்கிறது. அந்தப் பீரில் தேங்காய் பூஜ்யம் கிராம்.

பக்கத்து இருக்கைக்காரர் செய்முறை கேட்டார். பொள்ளாச்சிப் பக்குவம், வெளியே சொல்வதில்லை என்றேன். அன்று இரவு சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு, பொடி போட்டியில் ஜெயித்த மாதிரிதான் என்று உளறிவிட்டேன். அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வரும் தை மாதம் நாங்கள் ஊருக்குப் போகிறோம். நான் கையால் இடித்த பொடி ஒரு டப்பா கொண்டுவர வேண்டுமாம்.

தேங்காய்ப் பொடி செய்யத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பக்குவம் எழுதி அனுப்புங்கள். வாணலி புதிதாக வாங்கிவிட்டேன்.