த்ரீ நாட் டூ அண்ணாச்சி

தெற்குச் சீமையில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் எதிரே ஒரு டீக்கடை இருக்கும். அந்த டீக்கடை பெஞ்சில் ஓர் அண்ணாச்சி இருப்பார். காலை 7 மணிக்குத் தினசரியின் நடுத்தாளை உருவிக்கொள்வார். அரசியல் பக்கம் வேண்டாம், தங்கம் விலை வேண்டாம். 'வரப்புத் தகராறில் விவசாயி வெட்டிக் கொலை' என்ற தலைப்பில் வந்து கண் நிற்கும். மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"த்ரீ நாட் டூ."

டீ ஆறுவதற்குள் விசாரணை முடிந்து, மேல்முறையீடு தள்ளுபடியாகி, கருணை மனுவும் நிராகரிக்கப்பட்டிருக்கும். புலனாய்வு அதிகாரி, அரசு வக்கீல், நீதிபதி மூவரும் அவரே. ஊரில் அவருக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர்கள்கூட, "த்ரீ நாட் டூ அண்ணாச்சி வீடு எதுய்யா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

தொழில் உரக்கடை. சட்டக் கல்லூரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அவர் சட்டம் பயின்ற இடம் தரை டிக்கெட் கவுன்டருக்கு உள்ளே. 1974-இல் பத்து வயதுப் பையனாக அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு 'தங்கப்பதக்கம்' பார்த்தது அட்மிஷன். கடமைக்காகப் பெற்ற பிள்ளையையே சுடும் எஸ்.பி. சௌத்ரியாகச் சிவாஜி நடந்த நடையை, அடுத்த ஒரு மாதம் வீட்டு முற்றத்தில் நடந்து பார்த்தார். 1982-இல் 'மூன்று முகம்' வந்தது. டி.எஸ்.பி. அலெக்ஸ் பாண்டியனைப் பார்த்த பிறகுதான் காக்கிச் சட்டையின் தோள்பட்டையை எண்ணக் கற்றுக்கொண்டார். இரண்டு நட்சத்திரம் என்றால் எஸ்.ஐ. மூன்று நட்சத்திரமும் சிவப்பு நீலப் பட்டையும் இருந்தால் இன்ஸ்பெக்டர். பட்டை இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் என்றால் டி.எஸ்.பி. அவருடைய சட்ட அறிவில் முழுக்கச் சரியான பகுதி இதுதான்.

நீதிமன்ற நடைமுறைக்கு 'விதி' (1984). சுஜாதா வக்கீலாக வந்து கூண்டில் நிற்பவரைக் கேள்வியால் துளைத்த படம். அதன் கதை வசன ஒலிநாடா ஓடாத டீக்கடையோ, கல்யாண வீடோ அந்த நாளில் கிடையாது. அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் மனப்பாடம். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு மனைவியைக் குறுக்கு விசாரணை செய்து, "அப்படியானால் உப்பு டப்பா உன் கையில்தான் இருந்தது, இல்லையா?" என்று கேட்டு, மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார்.

அப்புறம் சிறப்புப் பாடங்கள்: 'புலன் விசாரணை', 'சத்ரியன்', 'வால்டர் வெற்றிவேல்'. 2003 அவருக்குப் பொற்காலம். ஒரே ஆண்டில் 'சாமி' படத்தில் திருநெல்வேலிக்குப் போலீஸ் அதிகாரி ஆறுச்சாமி வந்தார். இன்னொரு படத்தில் சென்னைக்கு அன்புச்செல்வன் வந்தார். 2010-இல் 'சிங்கம்' வந்தபோது படிப்பு பூர்த்தியாகிவிட்டது. பட்டம் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கல்வியில் தேறியவருக்குச் சில அசைக்க முடியாத நம்பிக்கைகள் உண்டு. நீதிபதி என்றால் கையில் சுத்தியல் இருக்கும். சாட்சி என்றால் கீதையில் கை வைப்பார். நம் ஊர் நீதிமன்றத்தில் சுத்தியல் தட்டும் வழக்கமே இல்லை என்றால் நம்ப மாட்டார். 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், கடவுள் வேண்டாம் என்றால் வெறும் உறுதிமொழி போதும், புத்தகம் எதுவும் தேவையில்லை என்றால், "அப்போ பொய் சொல்லத்தானே செய்வான்?" என்பார்.

அவரை உண்மையிலேயே நோகடித்தது வேறொரு விஷயம். பக்கத்து பெஞ்சில் டீ குடிக்க வரும் ஒரு வக்கீல் குமாஸ்தா ஒருநாள் போகிற போக்கில் சொன்னார்: போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே அதைத்தான் சொல்லியிருந்தது; அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஐம்பது வருஷமாகத் திரையில் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்து வாங்கிய வாக்குமூலம் அத்தனையும் செல்லாக் காசா? "வெள்ளைக்காரன் எழுதும்போதே நம்ம போலீஸ் மேல நம்பிக்கை இல்லாம எழுதியிருக்கான் வே!" என்றார். அதில் பாதி உண்மைதான்.

சினிமாக் காவல் நிலையத்தில் இல்லவே இல்லாத ஆள் ஒருவர் உண்டு. நிஜ நிலையமே அவர் தோளில்தான் நிற்கிறது. அவர் ரைட்டர். புகார் மனு வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கிழித்து, எஃப்.ஐ.ஆர். எழுதி, ரிமாண்டுக்குத் தாள் தயாரிப்பவர். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும். சொந்தக்காரருக்குத் தகவல் போக வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வரிசை போட்டுச் சொன்னவற்றையும் சேர்த்து இவை எல்லாவற்றுக்கும் பேனா வேண்டும். ஆறுச்சாமியின் கையில் யாரும் பேனாவைப் பார்த்ததில்லை. 2021-இல் 'ரைட்டர்' என்றே ஒரு படம் வந்தது. சமுத்திரக்கனி அந்த மனிதராகவே வந்தார். போலீஸ் படமாயிற்றே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போன அண்ணாச்சி, இடைவேளையில் முறுக்கு வாங்கியபடி முணுமுணுத்தார். "எழுதிக்கிட்டே இருக்காரு வே. எப்போ அடிப்பாரு?"

2024 ஜூலை 1 அவருக்குத் துக்க நாள். அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 1860-இலிருந்து கொலைக்கு இருந்த 302 போய் 103 ஆயிற்று. அதாவது அவர் பெயரே மாறிவிட்டது. "இனிமே உங்களை ஒன் நாட் த்ரீ அண்ணாச்சின்னு கூப்பிடணுமா?" என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "ஏன், காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கவா?" என்று எரிந்து விழுந்தார். அதைவிடப் பெரிய நஷ்டம் 420. தமிழனுக்கு அது வெறும் சட்டப் பிரிவா? வாய்க்கு ருசியான வசவு அல்லவா! இப்போது மோசடிக்குப் பிரிவு 318. ஒருவனை நடுத்தெருவில் நிறுத்தி, "போடா த்ரீ ஒன் எய்ட்டு!" என்றால், பஸ் நம்பர் சொல்கிறார் என்று நினைத்து நகர்ந்து நிற்பான். 144 தடை உத்தரவுகூட 163 ஆகிவிட்டது. ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்தான் என்று குமாஸ்தா சொன்ன பிறகே அண்ணாச்சிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதன் பிறகு பழைய கொலைகளைப் பற்றியே அதிகம் பேசுகிறார்.

அவர் மருமகன் அடுத்த தலைமுறை. கல்லூரி மாணவன், செல்போனில் வெப் சீரிஸ் பார்த்து வளர்ந்தவன். பைக்கை மறித்த டிராபிக் காவலரிடம், "எனக்கு மௌனமாக இருக்க உரிமை உண்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னவன். அந்த வாசகம் 1966-இல் அமெரிக்காவின் மிராண்டா வழக்கிலிருந்து கிளம்பி, ஹாலிவுட் வழியாக வள்ளியூர் பைபாஸ் வந்து சேர்ந்தது. நம் அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவிலேயே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்று இருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் ஹெல்மெட் போடாததற்கு அது உதவாது. காவலர் பொறுமையாக, "சரி தம்பி, நீ பேசாண்டாம். லைசென்ஸை மட்டும் காட்டு" என்றார்.

அண்ணாச்சியின் சட்ட நூலில் கடைசி அத்தியாயம் என்கவுன்ட்டர். அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பதே அவருக்கு அதில் பிடித்த அம்சம். 2019 டிசம்பர் 6-ஆம் தேதி ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, அங்கே மக்கள் காவலர்கள்மேல் பூத் தூவினார்கள். இங்கே அண்ணாச்சி டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் கணக்கில் டீ சொன்னார். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் வெளியானது. கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள் என்று அது சொன்னது. அன்று காலை அவர் விளையாட்டுப் பக்கத்தை வெகுநேரம் படித்தார். கிரிக்கெட் அவருக்குப் பிடிக்காது.

அவர் நம்பிக்கையில் கீறல் விழுந்தது அதற்கும் முன்பு. தலைப்பைப் பார்த்து ஏமாந்து 'விசாரணை'க்குப் போனார். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், குண்டூர் லாக்கப்பில் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த படம். முதல்முறையாக அண்ணாச்சிக்கு லத்தி இருக்கும் பக்கத்திலிருந்து பார்க்க வாய்க்கவில்லை. லத்தி விழும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். 2020 ஜூனில் சாத்தான்குளம். தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த அந்த வாரம், பெஞ்சில் யாரும் அவரிடம் செக்‌ஷன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'சாமி'யையும் 'சிங்க'த்தையும் இயக்கிய ஹரி, காவல் துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அறிக்கை விட்டார். அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார். "வாத்தியாரே பாடப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாருய்யா" என்றார்.

'சிங்கம்' இந்திக்குப் போய் அஜய் தேவ்கனை வைத்து 'சிங்கம்' ஆகியிருந்தது. இந்த வகைப் படங்கள் ஆபத்தான செய்தி சொல்கின்றன என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் ஒரு விழாவில் பேசினார். திரையில் நீதிபதிகளைத் தடிக் கண்ணாடி போட்ட பயந்தாங்கொள்ளிகளாகக் காட்டுகிறார்கள் என்பது அவருடைய இன்னொரு வருத்தம். "மூக்குக்கண்ணாடி போட்டா என்னவே தப்பு?" என்று தன்னுடையதைத் துடைத்துக்கொண்டார் அண்ணாச்சி. மறு ஆண்டு 'வேட்டையன்'. தவறான ஆளைச் சுட்டுவிட்டோம் என்று ரஜினியே திரையில் உணர்ந்து தவித்ததும், பெஞ்சில் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது: என்கவுன்ட்டர் செய்யலாம், ஆனால் ஆளை நன்றாகப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குச் சம்மன் வந்தது. உரக்கடை வாசலில் நின்ற வேனை லாரி இடித்த வழக்கு. அவர் நேரில் பார்த்த சாட்சி. சம்மனை பிளாஸ்டிக் உறையில் போட்டு நாலு நாள் பெஞ்சில் காட்டினார். ஒத்திகைக்கு 'ஜெய் பீம்' மூன்று தடவை பார்த்தார். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த மரணத்துக்காக வக்கீல் சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்குதான் அந்தப் படம். ஆட்கொணர்வு மனுவில் சாட்சிகளை விசாரிப்பது அபூர்வம் என்பதைப் படமே சொல்கிறது. அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை. சூர்யா எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

முதல் தடவை போனபோது நீதிபதி விடுப்பு. இரண்டாம் தடவை எதிர்த்தரப்பு வக்கீல் வாய்தா வாங்கிவிட்டார். மூன்றாம் தடவை காலை 10 மணியிலிருந்து வேப்பமரத்தடியில் நின்று, மாலை 4 மணிக்கு டவாலி பெயரைக் கூப்பிட்டபோது, மூத்திரம் பெய்யப் போயிருந்தார். ஓடி வந்து நின்றார். நாடெங்கும் 5 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்று அவர் பேப்பரில் படித்திருக்கிறார். அதில் தன்னுடையதும் ஒன்று என்று அன்றுதான் தோன்றியது. சுத்தியல் இல்லை. கீதை இல்லை. மேலே ஒரு மின்விசிறி, கீழே தட்டச்சு செய்யும் ஒரு பெண்.

"லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது?"

"ஐயா, அன்னைக்குக் காலையில நான் குளிச்சு, திருநீறு பூசி..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"வடக்கே இருந்துங்கய்யா."

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. "அன்னைக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்களா?" போட்டிருந்தார். மொத்தம் ஒன்பது நிமிடம். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்கால டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை பெஞ்சு நிறைந்திருந்தது. அண்ணாச்சி மெதுவாக வந்து, துண்டை உதறி, நடுவில் உட்கார்ந்தார். கோர்ட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தமாம். எதிர்த்தரப்பு வக்கீல் நெற்றியைத் துடைத்தபடி தண்ணீர் கேட்டாராம். மக்கள் கைதட்டவும், நீதிபதி சுத்தியலை எடுத்து ஓங்கித் தட்டினாராம்.

"சுத்தியலே கிடையாதுன்னு குமாஸ்தா சொன்னாரே மாமா?" என்றான் மருமகன்.

அண்ணாச்சி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா பேப்பருக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர்தான் கைகொடுத்தார். காலி டம்ளரைத் தலைகீழாகப் பிடித்து மேஜையில் டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டி, "ஆர்டர், ஆர்டர்! சாட்சி மேல சொல்லலாம்" என்றார்.

அண்ணாச்சி எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.